காப்பி பற்றிப் படிக்கத் தொடங்குகிறவருக்கு: எந்தப் புத்தகம், எப்போது, எவ்வளவுக்கு

காப்பியைப் பற்றிப் புத்தகம் வாங்கிப் படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது, குமரி மாவட்டத்துத் தக்கலையில் நான் வழக்கமாக நிற்கும் டீக்கடை அண்ணன் சிரித்துவிட்டார். "புக்கு படிச்சா தம்பி, காப்பி போடுவாவ?" என்றார். அவர் சிரித்ததில் தப்பில்லை. நான் புத்தகம் வாங்கிய வரிசைதான் தப்பு. எட்டு மாதத்தில் ஆறு வாங்கினேன். அதில் இரண்டு, என் வீட்டில் இல்லாத இயந்திரங்களைப் பற்றியவை. ஒன்று திருட்டுப் பதிப்பு. இன்னொன்று இணையத்தில் காசில்லாமல் கிடைப்பது. அதை நான் 800 ரூபாய் கொடுத்து வாங்கியிருந்தேன். மிச்சம் இரண்டுதான் உருப்படி.

நீங்கள் நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ குலசேகரத்திலோ இருக்கிறீர்கள், வீட்டில் ஒரு ஸ்டீல் ஃபில்டரும் பாலும்தான் இருக்கின்றன, காப்பியைக் கொஞ்சம் விவரமாகத் தெரிந்துகொள்ள ஆசை என்றால், கீழே உள்ள வரிசையில் போங்கள். எஸ்பிரெசோ இயந்திரம் வைத்திருப்பவருக்கு இது அவ்வளவாக உதவாது.

1. எதற்காகப் படிக்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள்

விளையாட்டுக்குச் சொல்லவில்லை, தாளில் எழுதுங்கள். காப்பிப் புத்தகங்கள் நாலு தினுசு. வீட்டில் நன்றாகப் போடுவதைச் சொல்பவை; கொட்டை எங்கே விளைகிறது, எப்படிப் பதப்படுத்தப்படுகிறது என்று சொல்பவை; கடை நடத்துகிறவருக்கும் வறுக்கிறவருக்குமான தொழில் புத்தகங்கள்; காப்பி எப்படி ஒரு சமூகத்துக்குள் வந்தது என்று பேசுபவை. எல்லாவற்றின் அட்டையிலும் அதே கோப்பை, அதே ஆவி. தொடக்கக்காரர் மூன்றாவது தினுசில்தான் போய் விழுவார். இணையத்தில் "சிறந்த காப்பிப் புத்தகங்கள்" என்று பட்டியல் போடுகிறவர்களில் பாதிப்பேர் பாரிஸ்டாக்கள், அதாவது கடையில் காப்பி போடுவதையே தொழிலாக வைத்திருப்பவர்கள். அவர்கள் தங்களுக்கு உதவியதைத்தான் சொல்வார்கள்.

"எங்க வீட்டுக் காப்பி ஒருநாள் நன்றாக இருக்கிறது, மறுநாள் கசக்கிறது, ஏன்?" இதுதான் என் வரி. அதை முதல் நாளே எழுதியிருந்தால் மூவாயிரம் ரூபாய் மிஞ்சியிருக்கும்.

2. புத்தகத்துக்கு முன்னால் ஒரு சின்னத் தராசு

கிராமில் ஒரு தசமம் வரை காட்டும் மின்னணுத் தராசு 500 ரூபாய்க்குள் கிடைக்கும். நகைத் தராசு என்று தேடினாலும் வரும். இது இல்லாமல் எந்தக் காப்பிப் புத்தகமும் வாங்க வேண்டாம். எல்லாப் புத்தகங்களும் பொடியையும் தண்ணீரையும் கிராமில்தான் சொல்கின்றன. நாமோ "ரெண்டு கரண்டி, கொஞ்சம் கூம்பா" என்று அளக்கிறோம். எங்கள் வீட்டுக் கரண்டியில் பத்து முறை அள்ளி எடை போட்டுப் பார்த்தேன். ஒரே கை, ஒரே டப்பா, ஆனால் 6 கிராமில் இருந்து 9 கிராம் வரை ஆடியது. ஒருநாள் நல்ல காப்பி, மறுநாள் மோசமான காப்பி என்பதில் பாதி ரகசியம் அங்கேயே உடைந்துவிட்டது.

கூடவே நாற்பது பக்க நோட்டு ஒன்று. அதன் வேலை ஐந்தாம் படியில் வரும்.

3. முதலில் தமிழில் ஒன்று

ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' நம் ஊர்ப் பதிப்பு. நாகர்கோவில் காலச்சுவடு 2000இல் வெளியிட்டது. தமிழ்நாட்டு வீட்டுக்குள் காப்பி நுழைந்தபோது யார் யார் என்னென்ன சொன்னார்கள், காப்பி யாருடைய பானம், டீ யாருடைய பானம் என்று ஆனது எப்படி என்பதையெல்லாம் தலைப்புக் கட்டுரை சொல்கிறது. ஒரு மாலையில் முடித்துவிடலாம்.

ஒன்று கவனிக்க வேண்டும். இது கட்டுரைத் தொகுப்பு. காப்பி பற்றியது தலைப்புக் கட்டுரைதான், மற்றவை வேறு வேறு பண்பாட்டு விஷயங்கள். முழுப் புத்தகமும் காப்பி என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றமாக இருக்கும் (மற்றவையும் நல்ல கட்டுரைகள் என்பது தனி). காப்பி போடும் முறை எதுவும் இதில் கிடையாது. அப்புறம் ஏன் முதலில் இது என்றால், நாம் குடிக்கிற காப்பி ஒரு தனி மரபு என்பதை மனதில் வாங்கிக்கொண்டு ஆங்கிலப் புத்தகத்துக்குப் போனால், அவர்கள் பாலையும் சிக்கரியையும் கண்டுகொள்ளாமல் போகும்போது நமக்குத் தாழ்வு மனப்பான்மை வராது. எனக்கு வந்தது. இரண்டு வாரம் பாலில்லாத காப்பி குடித்து முகத்தைச் சுளித்துக்கொண்டு திரிந்தேன்.

பதிப்பகத்தில் நேரடியாகவோ தமிழ்ப் புத்தகக் கடைகளிலோ கேளுங்கள். இருப்பு இல்லை என்றால் மறு அச்சுக்குக் காத்திருக்கலாம், அல்லது அடுத்த படிக்குப் போகலாம்.

4. நூலக அட்டை எடுங்கள்

வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். ரசீதை எடுத்துப் பாருங்கள், தனியாகப் போட்டிருக்கும். கட்டிய காசுக்கு ஒருமுறையாவது உள்ளே போகலாமே.

உறுப்பினராகக் கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: ஆதார் நகல், முகவரி ஆதாரில் பழையது என்றால் இப்போதைய முகவரிக்கு வேறொரு சான்று, பாஸ்போர்ட் அளவுப் படம் இரண்டு, ஒரு சிறிய முன்பணமும் ஆண்டுச் சந்தாவும். முன்பணம் எத்தனை புத்தகம் எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. விலகும்போது திரும்பக் கிடைக்கும், ஆகவே அந்த ரசீதைத் தொலைக்காதீர்கள். நான் ஆதாரில் பழைய முகவரி இருப்பதை மறந்து போய் நின்றதால், ஒரு வேலை ரெண்டு நடையானது. போவதற்கு முன் எந்தக் கிழமை விடுமுறை என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

உள்ளே காப்பியை எங்கே தேடுவது? சமையல் அடுக்கில் இல்லை. நான் அங்கேதான் அரை மணி நேரம் நின்றேன். வேளாண்மை, தோட்டப் பயிர் அடுக்குகளைப் பாருங்கள், அப்புறம் வரலாறு. கணினியில் தேடுவதாக இருந்தால் 'காபி', 'காப்பி', 'காஃபி' என்று மூன்று எழுத்துக்கூட்டலிலும் போட்டுப் பாருங்கள். 'காப்பி' என்று போட்டால் முதலில் ஐம்பெருங்காப்பியங்கள் அணிவகுத்து வரும். 'காபி' என்றால் ராகம் வரும். பயப்படாமல் கீழே இறங்கிக்கொண்டே போக வேண்டும்.

நான் சொல்லப்போகிற ஆங்கிலப் புத்தகங்கள் நம் மாவட்ட நூலக அடுக்குகளில் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். வாசகர் பரிந்துரை எழுத நோட்டு இருக்கிறதா என்று கேட்டு, தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம் மூன்றையும் எழுதிவிட்டு வாருங்கள். வாங்கினால் லாபம், வாங்காவிட்டால் மை மட்டும் நஷ்டம்.

5. காசு கொடுத்து வாங்கும் முதல் புத்தகம்

ஜேம்ஸ் ஹாஃப்மன் எழுதிய 'ஹவ் டு மேக் தி பெஸ்ட் காஃபி அட் ஹோம்', 2022இல் வந்தது. இவர் 2007இல் உலக பாரிஸ்டா போட்டியில் வென்ற இங்கிலாந்துக்காரர். ஆங்கிலம் எளிமையானது, பத்தாம் வகுப்பு ஆங்கிலம் தைரியமாகப் போதும். எனக்கு ஆயிரம் ரூபாய்க்குச் சற்று மேல் ஆனது. விலை வாரத்துக்கு வாரம் மாறும், அவசரப்படாமல் இரண்டு வாரம் விட்டுப் பாருங்கள்.

முதல் பக்கத்தில் இருந்து கடைசி வரை ஒரே மூச்சில் படிக்க வேண்டாம். தண்ணீர், அரைப்பு, சுவைத்துப் பார்ப்பது, இந்த மூன்று பகுதிகளை முதலில் படியுங்கள். அடுத்து பிரெஞ்சு பிரஸ் (பொடியை ஊறவைத்து அழுத்தி வடிக்கும் குடுவை), மோக்கா பாட் (அடுப்பில் வைத்து ஆவி அழுத்தத்தில் இறக்கும் பாத்திரம்) பகுதிகள். அந்தப் பாத்திரங்கள் உங்களிடம் இல்லாவிட்டாலும் படியுங்கள், நம் ஃபில்டருக்கு எடுத்துக்கொள்ள அதில் நிறைய இருக்கிறது. எஸ்பிரெசோ பகுதியைத் தாண்டிவிடலாம்.

இது கிடைக்கவில்லை என்றால் ஜெசிகா ஈஸ்டோவின் 'கிராஃப்ட் காஃபி: எ மேனுவல்', 2017. எஸ்பிரெசோ பக்கமே போகாமல், கையால் போடும் முறைகளை மட்டும் பேசும் புத்தகம். நம் போன்றவருக்கு அந்த வகையில் இன்னும் பொருத்தம். ஆனால் சொல்லுக்குச் சொல் விளக்கம், மெதுவாக நகரும். இரண்டையும் வாங்க வேண்டாம், ஒன்று போதும்.

தண்ணீர் பகுதியைத் தாண்டாதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டும். குளச்சல், முட்டம் பக்கம் கடலோரக் கிணற்று வெள்ளத்தில் (தண்ணீரைத்தான் சொல்கிறேன்) போட்ட காப்பிக்கும், திருவட்டாறுப் பக்கத்துக் கிணற்று வெள்ளத்தில் போட்ட காப்பிக்கும் உள்ள வித்தியாசம் பொடியால் வருவது அல்ல. கடினத் தண்ணீர் காப்பியின் புளிப்பை அமுக்கிவிடும். கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டினால் உங்கள் தண்ணீர் அந்த ரகம். ஒரு வாரம் கேன் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், நோட்டில் எழுதுங்கள்.

இந்தப் புத்தகத்துக்கு ஆறு வாரம் கொடுங்கள். வாரத்துக்கு ஒரே ஒரு மாற்றம்தான். இந்த வாரம் பொடியின் அளவு, அடுத்த வாரம் தண்ணீர், அதற்கடுத்த வாரம் அரைப்பு. இரண்டை ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும். நோட்டில் நாலு விஷயம் இருந்தால் போதும்: பொடி எத்தனை கிராம், தண்ணீர் எத்தனை கிராம், எத்தனை நிமிடம், அம்மா என்ன சொன்னார்.

6. புத்தகத்தை நம் ஃபில்டருக்கு மாற்றிப் படிப்பது

பெரும்பாலானவர் புத்தகத்தை மூடி வைப்பது இந்த இடத்தில்தான். நானும் மூடினேன்.

முதல் கண்ணி, 'ஃபில்டர் காஃபி' என்ற சொல். நமக்கு அது இரண்டு அடுக்குப் பாத்திரம், டிக்காஷன், பால், நுரை. ஆங்கிலப் புத்தகத்தில் அது காகித வடிகட்டியில் இறங்கும் பாலில்லாத காப்பி. அந்தப் பக்கத்தில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 60 கிராம் பொடி என்று கணக்கு இருக்கும். அதை நம்பி, எங்கள் ஸ்டீல் ஃபில்டரில் 180 மில்லி தண்ணீருக்கு 11 கிராம் பொடி போட்டேன். பொடி அடித்தட்டை மூடக்கூட இல்லை. தண்ணீர் கடகடவென்று இறங்கிவிட்டது. அதில் பாலை ஊற்றி அம்மாவிடம் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "என்ன மக்கா இது, அரிசி கழுவுன வெள்ளம் மாதிரி?" என்று டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார்.

கணக்கு தப்பில்லை, அது வேறு பானத்துக்கான கணக்கு. அவர்கள் குடிக்கும் பதத்திலேயே இறக்குகிறார்கள். நாம் கெட்டியாக இறக்கி, பாலில் தளர்த்துகிறோம். எங்கள் வீட்டில் கடைசியில் நிலைத்தது 30 கிராம் பொடிக்கு 180 கிராம் கொதித்த தண்ணீர். பொடி தன் எடையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தண்ணீரைத் தனக்குள் பிடித்துக்கொள்ளும், ஆகவே 60 போய் 120 மில்லி டிக்காஷன் கீழே வரும். 40 மில்லி டிக்காஷனுக்கு 100 மில்லி பால், மூன்று டம்ளர். இதை வேதவாக்காக எடுக்க வேண்டாம், உங்கள் பொடிக்கு மாறும். ஒன்றுக்கு ஆறு என்று தொடங்கி மேலேயும் கீழேயும் போய்ப் பாருங்கள்.

இரண்டாவது, சொற்கள். எல்லாப் பக்கத்திலும் வரும் சிலவற்றை நான் நோட்டின் பின்னட்டையில் தமிழில் எழுதி வைத்தேன். 'எக்ஸ்ட்ராக்‌ஷன்' என்றால் பொடியில் இருந்து சாறு இறங்குவது. பொடியின் எடையில் 18 முதல் 22 சதவீதம் வரை தண்ணீரில் இறங்கினால் நல்லது என்று ஒரு கணக்கு பல புத்தகங்களில் வரும். குறைந்தால் வெட்டிப் புளிப்பு, கூடினால் நாக்கை இழுக்கும் கசப்பு. 'ஸ்ட்ரெங்த்' அது அல்ல, அது கெட்டி. சாறு குறைவாக இறங்கிய காப்பி கெட்டியாகவும் இருக்கலாம். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, காப்பி கசக்கிறது என்று பொடியைக் குறைத்துக்கொண்டே போனேன். பொடி குறைய, அதே தண்ணீர் இருக்கிற கொஞ்சப் பொடியை இன்னும் அதிகமாக உறிஞ்சியது, கசப்பு கூடியது.

'அசிடிட்டி' என்றால் நெஞ்செரிச்சல் இல்லை, எலுமிச்சை, நாரத்தை போன்ற நல்ல புளிப்பு. அவர்கள் அதைப் பாராட்டாகச் சொல்கிறார்கள். 'பாடி' என்பது வாயில் தெரியும் கனம். 'ப்ளூம்' என்பது புதிதாக வறுத்த பொடியில் முதல் கொஞ்சம் வெந்நீர் பட்டதும் காற்று வெளியேறிப் பொங்குவது. நம் ஃபில்டரிலும் செய்யலாம். முதலில் பொடி நனையும் அளவு மட்டும் ஊற்றி, அரை நிமிடம் விட்டு, மீதியை ஊற்றுங்கள். டிக்காஷன் இறங்காமல் நடுவில் அடைத்துக்கொள்ளும் சங்கடம் எங்கள் வீட்டில் இதனால் பாதியாகக் குறைந்தது.

மூன்றாவது, சிக்கரி. இந்தப் புத்தகங்களில் சிக்கரியோடு போடும் முறை தேடினால் கிடைக்காது. ஆகவே பழகும் ஆறு வாரத்துக்குச் சிக்கரி இல்லாத பொடி வாங்குங்கள், அப்போதுதான் புத்தகம் சொல்கிற சுவை நாக்கில் பிடிபடும். பாக்கெட் என்றால் சிக்கரி எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருக்க வேண்டும். காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. அரைத்துக் கொடுக்கும் கடையில், "பியூர், சிக்கரி வேண்டாம், கால் கிலோ" என்று அரைப்பதற்கு முன்பே சொல்லுங்கள். சிலர் கேட்காமலே சிக்கரியில் கை வைத்துவிடுவார்கள், வாடிக்கையாளர் எல்லாரும் அப்படித்தானே கேட்கிறார்கள்.

அப்புறம், படித்த ஜோரில் காகித வடிகட்டிக் கூம்பு வாங்கி, அதில் காப்பி 70க்குச் சிக்கரி 30 கலவைப் பொடியைப் போடாதீர்கள். எனக்கு ஏழு நிமிடம் சொட்டுச் சொட்டாக இறங்கியது. குடிக்கும்போது ஆறிப் போயிருந்தது.

ஆறு வாரம் முடிந்ததும் சிக்கரிக்குத் திரும்பிப் போவதில் வெட்கம் எதுவும் இல்லை. நான் 85க்கு 15க்குத் திரும்பினேன்.

7. இரண்டாவது புத்தகம்: கொட்டை எங்கிருந்து வருகிறது

அதே ஹாஃப்மனின் 'தி வேர்ல்டு அட்லஸ் ஆஃப் காஃபி'. பெரிய அளவு, படமும் வரைபடமும் நிறைய. நாடு நாடாகப் போகிறது, இந்தியாவுக்கும் இடம் உண்டு. 2014இல் முதல் பதிப்பு, 2018இல் திருத்திய பதிப்பு. கண்ணி இங்கேதான். விலை குறைவாக இருக்கிறதே என்று கை வைத்தால் பல நேரம் அது 2014 பதிப்பு. பதிப்பு ஆண்டைப் பார்த்துவிட்டு, அதிலும் ஆகப் புதியதை வாங்குங்கள்.

இதைப் படிக்கும்போது நம் ஊர்க் கடைச் சொல்லும் புத்தகச் சொல்லும் முட்டிக்கொள்ளும். 'செர்ரி' என்று புத்தகம் சொன்னால் காப்பிப் பழம், செடியில் சிவப்பாகத் தொங்குவது. இந்திய வியாபாரத்தில் 'செர்ரி' என்றால் பழத்தை அப்படியே வெயிலில் உலர்த்தி எடுத்த கொட்டை. 'ரோபஸ்டா செர்ரி ஏபி' என்று மூட்டையில் எழுதியிருப்பது அதுதான் (ரோபஸ்டா, அராபிகா இரண்டும் காப்பிச் செடியின் வகைகள்; ஏபி, ஏ என்பவை கொட்டையின் அளவைச் சொல்லும் தரம்). 'பிளாண்டேஷன்' என்றால் தோட்டம் இல்லை, தோல் நீக்கிக் கழுவிப் பதப்படுத்திய அராபிகா. அதே முறையில் கழுவிய ரோபஸ்டாவுக்கு 'பார்ச்மெண்ட்' என்று பெயர். 'பீபரி' தனிச் செடி இல்லை. ஒரு பழத்துக்குள் வழக்கமாக இரண்டு விதை தட்டையாக ஒட்டியிருக்கும், ஒன்றே ஒன்று உருண்டையாக வளர்ந்துவிட்டால் அது பீபரி. நான் பொடிக்கடையில் போய், புத்தகம் படித்த மிதப்பில், "செர்ரின்னா பழம்தானே அண்ணே?" என்று கேட்டு, அவர் என்னை மேலும் கீழும் பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது.

ஆகவே அட்லஸில் பதப்படுத்தும் முறைகள் வரும் பகுதியைப் படித்துவிட்டு, அதே வாரம் கடைக்குப் போய் பிளாண்டேஷன் ஏ 100 கிராம், ரோபஸ்டா செர்ரி 100 கிராம் தனித்தனியாக அரைத்து வாங்கி வந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடியுங்கள். பாலில்லாமல் ஒரு வாய், பாலோடு ஒரு வாய். நாற்பது பக்கம் படித்ததைவிட அந்த நாலு வாயில் அதிகம் புரியும்.

நாடுகள் பகுதியை வரிசையாகப் படிக்க வேண்டாம். இந்தியா, எத்தியோப்பியா, பிரேசில், வியட்நாம் நாலும் போதும், மற்றவற்றை மனம் வரும்போது புரட்டிக்கொள்ளலாம்.

8. காசில்லாமல் கிடைப்பவை

வில்லியம் யூக்கர்ஸ் எழுதிய 'ஆல் அபவுட் காஃபி', 1922. புராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் முழுசாகவும் சட்டப்படியும் இலவசம். நான் 800 ரூபாய் கொடுத்தது இதற்குத்தான்: பழைய புத்தகத்தை ஸ்கேன் செய்து புது அட்டை போட்டு விற்கிறார்கள், என் பிரதியில் படங்கள் எல்லாம் கறுப்புத் திட்டு. வண்டி வண்டியாகத் தகவல் உண்டு, ஆனால் நூறு வருடப் பழசு. போடும் முறைக்கு இதை நம்ப வேண்டாம், வேடிக்கைக்குப் புரட்டலாம்.

ஜெனீவாவில் உள்ள பன்னாட்டு வணிக மையம் வெளியிடும் 'தி காஃபி கைடு', நான்காம் பதிப்பு 2021. அவர்கள் தளத்திலேயே பி.டி.எஃப் இலவசம். வியாபாரம், தரம், ஒப்பந்தம், விலை நிர்ணயம் பற்றியது. கடையோ பொடி வியாபாரமோ மனதில் இருந்தால் மட்டும் எடுங்கள். முழுவதையும் ஜெராக்ஸ் கடையில் கொண்டுபோய் அச்செடுக்காதீர்கள், நூற்றுக்கணக்கான பக்கம். தரம் பற்றிய அத்தியாயம் மட்டும் போதும்.

இந்தியக் காப்பி வாரியத்தின் பாலேஹொன்னூர் ஆராய்ச்சி நிலையம் வெளியிடும் புத்தகத்துக்கும் 'காஃபி கைடு' என்றுதான் பெயர். அது காப்பி பயிரிடுகிறவருக்கானது: நிழல் மரம், கவாத்து, பூச்சி, நோய். பெயரைப் பார்த்து மாற்றி வாங்கிவிடாதீர்கள். குலசேகரம் பக்கம் ரப்பருக்கு நடுவே நாலு காப்பிச் செடி வைக்கலாமா என்று யோசிப்பவருக்கு இது சரியான புத்தகம்தான். ஆனால் அராபிகாவுக்கு ஆயிரம் மீட்டருக்கு மேலே, ரோபஸ்டாவுக்கு ஐந்நூறு மீட்டருக்கு மேலே உயரம் வேண்டும் என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். கொல்லையில் வைத்தால் செடி வளரும், பூக்கவும் பூக்கும். தோட்டக் கணக்கு போட்டுவிடாதீர்கள்.

9. இப்போதைக்கு வேண்டாதவை

ஸ்காட் ராவ் எழுதிய 'தி புரொஃபஷனல் பாரிஸ்டாஸ் ஹேண்ட்புக்', 2008. எல்லாப் பட்டியலிலும் இருக்கும், நானும் முதலில் இதைத்தான் வாங்கினேன். நல்ல புத்தகம், ஆனால் எடை பெரும்பாலும் எஸ்பிரெசோ பக்கம். இயந்திரம் இல்லாதவர் படித்தால், கார் இல்லாதவர் கியர் பெட்டியைப் பற்றிப் படிப்பது மாதிரி. அவருடையதே 'தி காஃபி ரோஸ்டர்ஸ் கம்பேனியன்', 2014, வறுக்கிறவருக்கானது. வீட்டு இரும்புச் சட்டியில் வறுக்கப் பார்த்து, அண்டை வீட்டார் தீப்பிடித்ததா என்று ஓடி வந்த கதை எனக்கு உண்டு, இங்கே வேண்டாம்.

ஜோனத்தன் கான்யேயின் 'தி ஃபிசிக்ஸ் ஆஃப் ஃபில்டர் காஃபி'. எழுதியவர் வானியற்பியலாளர், சமன்பாடுகள் வரும். இயற்பியல் படித்தவர் இரண்டாம் வருடத்தில் தொடலாம். மார்க் பெண்டர்கிராஸ்டின் 'அன்காமன் கிரவுண்ட்ஸ்' வரலாறு, தடித்த புத்தகம், அமெரிக்கக் கண்டங்களைச் சுற்றியே அதிகம் போகும். கோடை விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

10. ஆர்டர் போடும்போது

காப்பிப் புத்தகங்களில் படம் முக்கியம், ஆகவே திருட்டுப் பதிப்பு உடனே காட்டிக்கொடுத்துவிடும். எனக்கு வந்த அட்லஸில் வரைபடங்கள் சாம்பல் நிறத்தில், ஓரம் வெட்டுப்பட்டு இருந்தன, தாள் நோட்டுத்தாள். அசலை மறுபடி காசு கொடுத்து வாங்கியது என் ஏழாவது புத்தகம். விலை மற்றவர் சொல்வதில் மூன்றில் ஒரு பங்கு என்றால் சந்தேகப்படுங்கள். ஐ.எஸ்.பி.என். எண்ணைப் பதிப்பகத் தளத்தில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். விற்பவர் பெயரைச் சொடுக்கி, மற்ற புத்தகங்களுக்கு வந்த புகார்களைப் படியுங்கள்.

பொட்டலத்தைப் பிரிக்கும்போது செல்போனில் வீடியோ எடுங்கள், பில்லைப் பத்திரப்படுத்துங்கள். திருப்பி அனுப்பும் கெடு பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாள்தான். "அப்புறம் பிரிக்கலாம்" என்று அலமாரியில் வைத்தீர்களோ, போச்சு. அச்சுப் புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, யாராவது தனியாகச் சேர்த்தால் கேளுங்கள். வெளிநாட்டு விற்பனையாளர் என்றால் கப்பல் கட்டணமும் சுங்கமும் சேர்ந்து புத்தக விலையை எட்டிவிடலாம், வருவதற்கு ஒரு மாதமும் ஆகலாம்.

கையில் புரட்டிப் பார்த்துத்தான் வாங்குவேன் என்றால் திருவனந்தபுரம் ஒரு நடை போய் வாருங்கள். காலை ரயிலில் போய் மாலையில் திரும்பிவிடலாம். கிளம்பும் முன் கடைக்குப் போன் செய்து தலைப்பைச் சொல்லி இருப்பு கேளுங்கள். நான் கேட்காமல் போய், சமையல் புத்தகங்களை வேடிக்கை பார்த்துவிட்டு நேந்திரம் சிப்ஸோடு திரும்பினேன்.

11. மொத்தச் செலவும் காலமும்

தராசும் நோட்டும் 500 ரூபாய்க்கு முன்பின். தமிழ்ப் புத்தகம் சில நூறு. முதல் ஆங்கிலப் புத்தகம் ஆயிரத்தை ஒட்டி. அட்லஸ் அதைப்போல ஒன்றரை, இரண்டு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். பழகுவதற்கான பொடியையும் கணக்கில் சேர்க்க வேண்டும், நான் சேர்க்காமல் விட்டேன். மூன்று மாதத்தில் பொடிக்குப் போனது புத்தகத்துக்குப் போனதை நெருங்கியது. எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்காதீர்கள். முதல் வாரம் தராசும் தமிழ்க் கட்டுரையும் நூலகமும். இரண்டாம் வாரத்தில் இருந்து ஆறு வாரம் முதல் புத்தகம். மூன்றாம் மாதம் அட்லஸ். ஒன்பதாம் படியில் உள்ளவற்றில் எதையாவது வாங்கத் தோன்றினால், நோட்டில் குறைந்தது முப்பது காப்பி எழுதியிருக்கிறீர்களா என்று எண்ணிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஜூன் மாதமோ ஐப்பசி மழையிலோ அட்லஸை ஆர்டர் போட்டால், வாங்கிய அன்றே பிளாஸ்டிக் உறையைக் கழற்றி ஒரு நாள் விசிறிக் காற்றில் விரித்து வையுங்கள். வழவழப்புத் தாள், ஈரம் பட்டால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இழுத்தால் பிரேசில் வரைபடம் பாதி கொலம்பியாவோடு வந்துவிடும். நமக்கு இரண்டு மழையும் உண்டு, அதனால் அடுக்களையில் வைக்காமல் அலமாரியில் நிறுத்தி வைப்பதே நல்லது. மாத்திரை டப்பாவில் வரும் சிலிகா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்து வைத்து, இரண்டைப் புத்தக அடுக்கில் போடுங்கள். சிக்கரி கலந்த பொடியும் அந்த மழையில் கட்டி பிடிக்கும், ஆனால் அதற்குள் சிலிகா ஜெல்லைப் போட்டுவிடாதீர்கள். மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பாவில், பதினைந்து நாளைக்கு வேண்டியதை மட்டும் அரைத்து வாங்குங்கள்.